பூ நிறைய, காய் இல்லை: கொங்கு வீட்டுத் தோட்டத்தில் சீத்தாக் குடும்பத்தை வளர்க்க முழுமையான வழிகாட்டி

பல்லடம் பக்கம் எங்கள் வீட்டைச் சுற்றியிருக்கும் கொஞ்ச இடத்தில் 12 வருடமாகச் சீத்தா, ராம்சீத்தா, முள் சீத்தா, அட்டிமோயா என்று ஒரே குடும்பத்து மரங்களை வளர்த்து வருகிறேன். அக்கம்பக்கத்தில் பலருக்கு நட்டும் கொடுத்திருக்கிறேன். புதிதாகத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் தவறுகிறார்கள். முதலில் செடி வாங்குகிறார்கள். வாங்கிய பிறகு இடம் தேடுகிறார்கள். அன்று சாயங்காலமே குழி வெட்டுகிறார்கள். ஆறு மாதம் கழித்து இலை கருகும்போதுதான் தண்ணீர் எப்படிப்பட்டது என்று யோசிக்கிறார்கள்.

இந்த வரிசையை அப்படியே திருப்பிப் போட வேண்டும். தண்ணீர், வகை, இடம், குழி, கடைசியில் செடி. கீழே அந்த வரிசையிலேயே எழுதியிருக்கிறேன்.

1. முதலில் தண்ணீர்

நம் பக்கத்தில் மண்ணைவிடத் தண்ணீர்தான் மரத்தின் விதியைத் தீர்மானிக்கிறது. சிறுவாணி, அத்திக்கடவு, பவானி என்று குழாயில் வரும் நல்ல தண்ணீர் குடிக்கவே சரியாக இருக்கும். மரத்துக்குப் போவது போர் தண்ணீர். திருப்பூர், பல்லடம், காங்கயம் வட்டாரங்களில் பல போர்களில் உப்பு அதிகம்.

தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவை எண்ணாகக் காட்டும், குடிநீர் பார்க்கும் டிடிஎஸ் மீட்டரே போதும். 450-க்குள் இருந்தால் கவலை இல்லை. 450-க்கும் 2000-க்கும் நடுவில் என்றால் வகையைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். 2000-ஐத் தாண்டினால் அந்தத் தண்ணீரை மட்டும் நம்பிச் சீத்தாக் குடும்பத்தில் எதையும் வைக்காதீர்கள். மழைநீரைத் தொட்டியில் சேர்த்துக் கலந்து விட வழி செய்த பிறகு வையுங்கள். முழு விவரம் வேண்டுமென்றால் வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் மண்ணோடு ஒரு பாட்டில் தண்ணீரும் கொடுத்தால் பார்த்துத் தருவார்கள்.

ஒன்றைக் கட்டாயம் நிறுத்துங்கள். வீட்டு ஆர்.ஓ. இயந்திரத்தில் கழிந்து வரும் தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று மரத்துக்கு ஊற்றுகிறார்கள். உப்பைப் பிரித்து ஒதுக்கிய தண்ணீர் அது, போர் தண்ணீரைவிடக் கெட்டியான உப்பு அதில் இருக்கும். எங்கள் தெருவில் ஒரு முள் சீத்தா இரண்டே கோடையில் இலை ஓரமெல்லாம் தீய்ந்து நின்றது. காரணம் தேடிப் போனால் சமையலறைக் குழாய் நேராக அதன் பாத்திக்குள் விழுந்துகொண்டிருந்தது.

2. உங்கள் தண்ணீருக்கும் ஊருக்கும் எந்த வகை

சீத்தாதான் குடும்பத்திலேயே தாக்குப்பிடிக்கிற பிள்ளை. கரட்டு மேட்டிலும் காட்டு ஓரத்திலும் தானாக முளைத்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். வறட்சி தாங்கும், குட்டையாக நிற்கும். முதல் மரம் இதுவாகவே இருக்கட்டும். பாலாநகர் என்ற வகையும், அருப்புக்கோட்டை ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ஏபிகே 1 வகையும் நம் வெயிலுக்கு ஒத்து வரும்.

ராம்சீத்தா கொஞ்சம் உயரமாகப் போகும், தோல் வழவழப்பாகச் சிவப்போடும். சீத்தா சீசன் முடிந்த பிறகு இது பழுப்பதால் இரண்டும் இருந்தால் வீட்டில் நெடுநாள் பழம் இருக்கும். சுவையில் சீத்தாவுக்கு ஒரு படி கீழே என்பது என் கருத்து.

முள் சீத்தாவுக்கு இலை உதிரும் பழக்கம் இல்லை, வருடம் முழுக்கத் தண்ணீர் கேட்கும். உப்பும் வறண்ட காற்றும் ஆகாது. பொள்ளாச்சி, ஆனைமலை, மேட்டுப்பாளையம் பக்கம் சுலபம். தாராபுரம், மூலனூர் பக்கம் என்றால் மேற்கு வெயில் படாத இடமும் நல்ல தண்ணீரும் இருந்தால் மட்டும் வையுங்கள்.

அட்டிமோயா என்பது சீத்தாவுக்கும் செரிமோயாவுக்கும் பிறந்த கலப்பு. செரிமோயா குளிர்ந்த மலைச் சரிவு மரம், கீழ்நாட்டில் சரியாகக் காய்க்காது. அட்டிமோயா நம் சமவெளியிலும் வரும், சதை அதிகம், விதை குறைவு. ஆனால் பூவுக்கு நம் கை உதவி வேண்டும். பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட அர்கா சஹானும் இந்த வழி வந்த வகைதான். முதல் மரம் காய்ப்பதைப் பார்த்த பிறகு இவற்றுக்குப் போங்கள்.

மற்ற பழ மரங்களைப் பற்றி இங்கே சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உப்புத் தண்ணீர்தான் கதி என்றால் சப்போட்டா, மாதுளை, நெல்லி, கொய்யா ஆகியவை சீத்தாவைவிடப் பாதுகாப்பு. ரம்புட்டான், மங்குஸ்தான், துரியான் மூன்றும் கல்லாறு அரசுத் தோட்டக்கலைப் பண்ணையில் நன்றாகக் காய்க்கின்றன என்பதைப் பார்த்துவிட்டு ஆசைப்பட்டு வாங்கி வருகிறார்கள். அந்தப் பண்ணை மேட்டுப்பாளையம் தாண்டி நீலகிரி அடிவாரத்தில், ஈரமும் நிழலும் உள்ள பள்ளத்தாக்கில் இருக்கிறது. நாற்பது கல் கிழக்கே வந்தால் காற்றே வேறு. வெண்ணெய்ப் பழத்துக்கு உப்பு சுத்தமாக ஆகாது.

3. இடம் பார்க்கும்போது ஆடிக் காற்றை நினையுங்கள்

வெயில் குறைந்தது ஆறு மணி நேரம் படட்டும். மரத்துக்கு மரம் 12 அடி, வருடா வருடம் கிளையை வெட்டிக் கவாத்து செய்வீர்கள் என்றால் 10 அடி போதும். சுவரிலிருந்து 6 அடியாவது தள்ளி வையுங்கள். சுவர் ஓர மண்ணில் கட்டட வேலையின்போது கொட்டிய சிமெண்டும் சுண்ணாம்பும் செங்கல் தூளும் கலந்து கிடக்கும்.

இடத்தேர்வில் நம்மவர்கள் அதிகம் தவறவிடுவது காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வைகாசிக் கடைசியில் தொடங்கும் மேற்குக் காற்று ஆவணி வரை ஓயாது. அந்தக் காற்றில் இளங்கிளை முறியும் என்பதைவிடப் பெரிய நட்டம், பூவின் ஈரம் காய்ந்து பிஞ்சு பிடிக்காமல் போவது. அதனால் வீட்டுக்குக் கிழக்குப் பக்கம் இடம் இருந்தால் முதல் இடம் அதுதான், வீடே காற்றை மறைக்கும். திறந்த வெளியாக இருந்தால் மேற்கிலும் தென்மேற்கிலும் அகத்தி ஒரு வரிசை போடுங்கள். பழைய கிளுவை வேலி இருந்தால் அதை வெட்டிவிட்டுக் கம்பி வேலி போடாதீர்கள். கம்பி காற்றைத் தடுக்காது.

4. குழி: செடிக்கு ஐந்து மாதம் முன்பு

சித்திரையில் குழி எடுங்கள். 2 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி ஆழம். மேல் ஓரடி மண்ணை ஒரு பக்கமும் அடி மண்ணை இன்னொரு பக்கமும் போடுங்கள். கோடை வெயில் குழிக்குள் படட்டும்.

குழி எடுத்தவுடன் இரண்டு சோதனை.

தண்ணீர் ஊற்றி நிரப்புங்கள். அது வடிந்ததும் மறுபடி நிரப்பி விட்டு, காலையில் பாருங்கள். செம்மண் பூமி என்றால் காய்ந்திருக்கும். கரிசல் என்றால் பல இடங்களில் தண்ணீர் அப்படியே நிற்கும். நின்றால் அந்தக் குழியில் நடாதீர்கள். அதே இடத்தில் ஒன்றரை அடி உயரம் மண் மேடு போட்டு மேட்டின் மேல் நடுங்கள். சீத்தாவின் வேர் வறட்சியைத் தாங்கும், தேங்கிய நீரைத் தாங்காமல் அழுகும்.

அடுத்தது சுண்ணாம்பு. ஒன்றரை அடியில் வெள்ளை வெள்ளையாகச் சுக்காங்கல் வந்தால் ஒரு கட்டி எடுத்து அதன் மேல் வினிகர் ஊற்றுங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு மண். கடப்பாறையால் அந்தத் தட்டை உடைத்து விடுங்கள், இல்லாவிட்டால் வேர் கீழே இறங்காமல் குழிக்குள்ளேயே சுற்றும். இந்த மண்ணில் இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். அது இரும்புச் சத்துக் குறைவு. தழைச்சத்து போதவில்லை என்று நினைத்து யூரியா போட்டால் சரியாகாது. லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதியை (இரும்பு சல்பேட்) கரைத்து, சிறிது எலுமிச்சைச் சாறு விட்டு, சாயங்காலம் இலையில் தெளித்தால் இரண்டு மூன்று முறையில் நிறம் திரும்பும்.

ஆடிக் கடைசியில் குழியை மூடுங்கள். மேல் மண்ணோடு 10 கிலோ நன்றாக மக்கிய மாட்டுக் குப்பை, ஒரு கிலோ வேப்பம் புண்ணாக்கு கலந்து நிரப்பி, தரையைவிட அரை அடி உயரமாகக் கூட்டி விடுங்கள். மழை பெய்தால் அது அமிழ்ந்து தரைமட்டத்துக்கு வரும். முன்கூட்டி நிரப்பச் சொல்வது இதற்காகத்தான். நட்ட பிறகு மண் அமிழ்ந்தால் செடியும் சேர்ந்து பள்ளத்துக்குள் இறங்கி, ஒட்டுக் கட்டிய இடம் மண்ணுக்குள் போய்விடும்.

குப்பை பச்சையாக இருக்கக் கூடாது, கரையான் வரும். பல்லடம், நாமக்கல் பக்கம் கோழி எரு சுலபமாகக் கிடைக்கிறது என்று குழியில் கொட்டுகிறார்கள். ஆறு மாதமாவது மக்காத கோழி எரு இளவேரைச் சுட்டுவிடும்.

5. இப்போது செடி வாங்கலாம்

சீத்தாவுக்கு விதைக் கன்றே போதும். நல்ல மரத்தின் விதையிலிருந்து வந்த கன்று பெரும்பாலும் தாய் மரம் போலவே காய்க்கும், மூன்று வருடத்தில் பலன் தொடங்கும். விதை போடுவதானால் விதையின் ஒரு பக்கத்தை உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து, ஒரு நாள் தண்ணீரில் ஊற வைத்து, செம்மண், மணல், மக்கிய குப்பை சம அளவில் கலந்த பையில் அரை அங்குல ஆழத்தில் போடுங்கள். முளைக்க ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். பத்தாம் நாள் தோண்டிப் பார்க்கிறவர்களால்தான் பாதி விதை கெடுகிறது.

அட்டிமோயாவும் அர்கா சஹானும் ஒட்டுக் கன்றாக மட்டுமே வாங்க வேண்டும். கலப்பில் பிறந்தவை என்பதால் விதையில் அதே பழம் வராது.

ஒட்டுக் கன்று வாங்கும்போது நான் ஏமாந்த கதையைச் சொல்கிறேன். அட்டிமோயா என்று சொல்லிக் கொடுத்த கன்றை நட்டேன். இரண்டு மாதத்தில் தளதளவென்று இரண்டு குச்சி வந்தது. மனசு குளிர்ந்து போய் அதற்கே தண்ணீரும் எருவும் கொடுத்து வளர்த்தேன். மூன்றாம் வருடம் காய்த்தது சாதாரணச் சீத்தா. அந்தக் குச்சிகள் ஒட்டுக்குக் கீழிருந்து, அடிச்செடியிலிருந்து கிளம்பியவை. ஒட்டிய நுனி எப்போதோ காய்ந்து விழுந்திருந்தது. நான் பார்க்கவில்லை.

ஆகவே கன்றின் முன் உட்கார்ந்து ஒட்டுக் கட்டிய இடத்தை விரலால் தடவிப் பாருங்கள். அதற்கு மேலே இரண்டு மூன்று புதுத் தளிராவது இருக்க வேண்டும். கட்டிய நாடா தண்டை இறுக்கிப் பள்ளம் விழுந்திருக்கக் கூடாது. பைக்கு அடியில் வேர் தடிமனாக வெளியே வந்து தரையில் ஊன்றியிருந்தால் அது அதிக நாள் பையில் கிடந்த கன்று, வேண்டாம். உயரமான கன்றுக்கு ஆசைப்படாதீர்கள். இரண்டடிக் கன்று நான்கடிக் கன்றைவிட வேகமாக வேர் பிடிக்கும்.

6. நடவு: ஆடியில் வேண்டாம்

ஆடிப்பட்டம் தேடி விதை என்பது பயிருக்குச் சொன்னது. பைக் கன்றை ஆடியில் நட்டால் காற்று அதைப் பிடித்து ஆட்டிக்கொண்டே இருக்கும், புது வேர் ஒவ்வொரு முறையும் அறுந்து போகும். காற்று அடங்கி, வடகிழக்கு மழை தொடங்கும் புரட்டாசி, ஐப்பசிதான் நம் ஊருக்குச் சரி. மழைநீர் மண்ணின் உப்பையும் கழுவி இறக்கிவிடும்.

பையைக் கத்தியால் கீறி எடுங்கள், மண் கட்டி உடையக் கூடாது. பைக்குள் மண் எந்த மட்டத்தில் இருந்ததோ அதே மட்டத்தில் தரையும் இருக்கட்டும். ஒட்டு தரையிலிருந்து அரை அடி மேலே நிற்க வேண்டும். மேற்குப் பக்கம் ஒரு குச்சி நட்டு, எட்டு வடிவில் சணல் கயிற்றால் தளர்வாகக் கட்டுங்கள். ஒட்டு நாடாவை மூன்று மாதத்தில் கழற்றி விடுங்கள். மறந்தால் தண்டு பெருக்கும்போது அதுவே கழுத்தை நெரிக்கும்.

மாடியில் வைப்பவர்களுக்கு: பாதியாக அறுத்த நீல டிரம், 100 லிட்டராவது மண் பிடிக்கட்டும். அடியில் நான்கைந்து ஓட்டை. மண்ணில் பாதி தென்னை நார்க் கழிவு கலந்தால் எடை குறையும், ஆனால் கழுவி உப்பு நீக்கிய கழிவாக இருக்க வேண்டும். ஈர மண்ணோடு ஒரு டிரம் 100 கிலோவைத் தாண்டும் என்பதால் தூணும் உத்தரமும் இருக்கும் இடத்தின் மேல் வையுங்கள். மாடிக்குச் சீத்தா மட்டுமே போதும்.

7. முதல் இரண்டு வருடம்

வட்டப்பாத்தி கட்டும்போது நடுவில் தண்டைச் சுற்றி மண்ணை உயர்த்தி, தண்ணீர் வெளிவட்டத்தில் நிற்கும்படி செய்யுங்கள். தண்டில் தண்ணீர் தேங்கினால் பட்டை அழுகும். வேரும் தண்ணீரைத் தேடி வெளியே ஓட வேண்டும்.

மழை இல்லாத நாட்களில் வாரத்துக்கு இரண்டு முறை நன்றாக நனைய விடுங்கள். தினமும் ஒரு குடம் ஊற்றுவது தவறு. மேல்வேர் மட்டும் வளரும், ஒரு வாரம் ஊருக்குப் போய் வந்தால் செடி வாடிக் கிடக்கும். பாத்தியில் தென்னஞ்சோகை, இலைச் சருகு ஒரு சாண் கனத்துக்கு மூடாக்குப் போடுங்கள், தண்டிலிருந்து அரை அடி விட்டு. உப்புத் தண்ணீர் ஊற்றுகிறவர்களுக்கு மூடாக்குத்தான் பெரிய பாதுகாப்பு. தண்ணீர் ஆவியாகப் போகப் போகத்தான் உப்பு மேலே படியும்.

இரண்டரை அடி உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளுங்கள். நான்கு திசைக்கும் பரவும்படி மொத்தம் மூன்று நான்கு கிளை மட்டும் வைத்து மற்றதை எடுத்துவிடுங்கள். ஒட்டுக்குக் கீழே தளிர் வந்தால் அன்றே உரித்து எறியுங்கள்.

8. இலை உதிர்ந்தால் மரம் சாகவில்லை

ஒரு தை மாதத்தில் பக்கத்துத் தெருத் தங்கச்சி போன் செய்தாள். "ஏனுங்ணா, நீங்க குடுத்த செடி காஞ்சே போச்சுங்ணா, புடுங்கிப் போட்ரட்டுங்களா?" போய்ப் பார்த்தால் மரம் மொட்டையாக நிற்கிறது. நகத்தால் பட்டையைச் சுரண்டினேன், உள்ளே பச்சை. சீத்தாவும் அட்டிமோயாவும் மார்கழி, தையில் இலையை உதிர்த்துவிட்டு உறங்கும். பயந்து தண்ணீரைக் கூட்டினால் உறங்கும் வேர் அழுகும். அந்த இரண்டு மாதம் தண்ணீரைப் பாதியாகக் குறைக்க வேண்டும். முள் சீத்தா இலை உதிர்த்தால் மட்டும் கவலைப்படுங்கள், அது அதன் குணம் இல்லை.

மாசி பிறந்ததும் கவாத்து. இரண்டு வருடம் முடிந்த மரத்தில் போன வருடக் கிளையை ஒரு சாண் அளவு விட்டு வெட்டுங்கள். உள்நோக்கிப் போகும் கிளை, காய்ந்த குச்சி, கறுத்துக் கல்லாகத் தொங்கும் பழைய காய் எல்லாவற்றையும் எடுத்து எரித்து விடுங்கள். புதுத் தளிரோடுதான் பூ நிறைய வரும். வெட்டாத மரம் உயர்ந்துகொண்டே போய் எட்டாத உயரத்தில் பூக்கும். எட்டாத பூவுக்கு அடுத்த பகுதியில் சொல்லும் வேலையைச் செய்ய முடியாது.

வெட்டிய பிறகும் தளிர் வரவில்லை என்று நிறையப் பேர் சொல்வார்கள். காரணம் இலைக் காம்பின் அடியில் இருக்கிறது. சீத்தாவிலும் அட்டிமோயாவிலும் மொட்டு, காம்பின் புடைத்த அடிப்பகுதிக்குள் மூடி இருக்கும். மற்ற மரங்களில் போல இலைக்கும் தண்டுக்கும் இடையில் வெளியே தெரியாது. ஒரு இலையைப் பிடித்துக் கீழ்நோக்கி இழுத்துப் பாருங்கள், காம்பு கழன்ற குழியின் நடுவில் சின்ன மொட்டு இருக்கும். இலை விழுந்தால்தான் அது வெளியே வர முடியும். எனவே கவாத்து செய்த குச்சியில் இலை மிச்சமிருந்தால் கையால் உருவி விடுங்கள். உருவிய இரண்டு மூன்று வாரத்தில் தளிர் எட்டிப் பார்க்கும். ஒட்டுக் கட்டக் குச்சி எடுப்பவர்கள் பத்து நாள் முன்பே இலையை உருவி வைப்பதும் இதனால்தான்.

கவாத்து முடிந்ததும் மரத்துக்கு 15 கிலோ மக்கிய குப்பை, ஒரு கிலோ வேப்பம் புண்ணாக்கு, கொஞ்சம் சாம்பல். கொத்திவிட்டுத் தண்ணீர் பாய்ச்சுங்கள்.

9. பூ: நின்று கவனிக்க வேண்டிய இடம்

"பூ கொட்டிக் கெடக்குது, ஒரு காய் நிக்கல." என்னிடம் வரும் கேள்விகளில் பாதி இதுதான். நோய் என்று நினைத்து மருந்து அடிக்கிறார்கள். அதில் இருக்கிற பிஞ்சும் போகிறது.

ஒரு பூவைக் கையில் எடுத்துப் பாருங்கள். தலைகீழாகத் தொங்கும், மூன்று தடித்த பச்சை மஞ்சள் இதழ். இதழை விரித்தால் உள்ளே வெள்ளையாக ஒரு சின்னக் கூம்பு. கூம்பின் நுனிப்பகுதி பெண் பாகம், அடியைச் சுற்றி நெருக்கமாக நிற்பது ஆண் பாகம். இரண்டும் ஒரே பூவில் இருந்தும் ஒரே நேரத்தில் விழிப்பதில்லை. முதலில் பெண் பாகம் தயாராகும். அப்போது இதழ் நுனி மட்டும் லேசாகப் பிரிந்திருக்கும், கூம்பு ஈரமாக மினுங்கும். பிறகு அந்த ஈரம் காய்ந்து, இதழ் மூன்றும் நன்றாக விரிந்து, ஆண் பாகம் தளர்ந்து மகரந்தம் கொட்டும். அந்த நேரம் அதே பூவின் பெண் பாகத்துக்கு அது பயன்படாது.

ஒரு பூவிலிருந்து இன்னொன்றுக்கு எடுத்துப் போவது தேனீ அல்ல, சிறு வண்டுகள். இதழ் இடுக்கில் தேனீ நுழைவதில்லை. பழ வாசனைக்கு வரும் இந்த வண்டு வீட்டுப் பக்கம் குறைவு. அதோடு பங்குனி, சித்திரை வெயிலில் பூவின் ஈரம் சீக்கிரம் காய்ந்துவிடும். அதனால்தான் முதலில் வரும் பூக்கள் பெரும்பாலும் உதிர்கின்றன. அந்த வேலையை நாம் செய்யலாம்.

சாயங்காலம் நான்கு மணிக்கு மேல் நன்றாக விரிந்த பூக்களைப் பறியுங்கள். பத்துப் பன்னிரண்டு போதும். எவர்சில்வர் தட்டில் காகிதம் விரித்துப் பரப்பி, வீட்டுக்குள் காற்றாடிக்கு நேரே இல்லாமல் வையுங்கள். டப்பாவில் போட்டு மூடாதீர்கள், வியர்த்துக் கட்டிப் பிடிக்கும்.

காலையில் பூவைத் தட்டினால் ஆண் பாகம் பொலபொலவென்று உதிரும். ஒரு டம்ளரில் போட்டுக் குலுக்கினால் டம்ளர் ஓரத்தில் வெளிர் மாவு ஒட்டும். அதுதான் மகரந்தம். பிள்ளைகள் வர்ணம் தீட்டும் மெல்லிய பிரஷ் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆறரை மணிக்கு மரத்துக்குப் போய்விடுங்கள், எட்டரைக்குள் முடித்துவிட வேண்டும். இதழ் லேசாகப் பிரிந்த பூவை மட்டும் தேடுங்கள். ஒரு கையால் பூவைத் தாங்கி, கட்டை விரலால் ஓர் இதழை மெதுவாகத் தள்ளி, மாவு தொட்ட பிரஷ்ஷைக் கூம்பைச் சுற்றி இரண்டு மூன்று முறை சுழற்றுங்கள். அவ்வளவுதான். தொட்ட பூவின் காம்பில் ஒரு துண்டு வண்ண நூல் கட்டி வைத்தால் உங்கள் கை பலித்ததா என்று தெரியும்.

சுற்றிச் சுழற்றச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கூம்பில் இருக்கும் ஒவ்வொரு புள்ளியும் பழத்தில் ஒரு கண்ணாக, ஒரு சுளையாக மாறும். ஒரு பக்கம் மட்டும் பட்டால் அந்தப் பக்கம் மட்டும் பெருத்து, பழம் கோணலாக வரும். கடையில் பார்க்கும் கோணல் சீத்தாக்களில் பல இப்படி அரைகுறையாகப் பட்ட பூவில் வந்தவை.

ஒரு வாரத்தில் இதழ் உதிர்ந்து காம்பு தடித்து நின்றால் பிடித்துவிட்டது. பிஞ்சு சில வாரம் சுண்டைக்காய் அளவிலேயே நிற்கும், அவசரப்படாதீர்கள்.

புதியவர்கள் இங்கே செய்யும் தவறுகள்: முழுக்க விரிந்த பூவில் மாவைத் தடவுவது, பத்து மணி வெயிலில் செய்வது, முந்தாநாள் மாவை வைத்துச் செய்வது. இன்னொன்று, பிடித்த ஆசையில் எல்லாப் பூவையும் தொடுவது. மூன்றாம் வருட மரத்துக்கு இருபது காய் போதும். அதிகம் விட்டால் காய் சிறுக்கும், கிளை முறியும்.

தினமும் இதைச் செய்ய முடியாதவர்கள் இரண்டு காரியம் செய்யுங்கள். பூக்கும் மாதங்களில் எந்தப் பூச்சி மருந்தும் அடிக்காதீர்கள். பழத் தோல், அழுகிய வாழைப்பழத்தை மரத்தடி மூடாக்கின் மேல் போட்டு, சாயங்காலம் தரையை நனையுங்கள். வண்டு தேடி வரும், பூவுக்கு ஈரக் காற்றும் கிடைக்கும். ஆனி, ஆடியில் காற்று மறைப்பு உள்ள இடத்தில் இது ஓரளவு கைகொடுக்கிறது.

முள் சீத்தா தண்டிலும் தடித்த கிளையிலும்கூடப் பூக்கும். அதன் பெரிய பூவுக்கும் இதே முறைதான்.

10. மாவுப்பூச்சி வந்தால் எறும்பைப் பாருங்கள்

காயின் கண் இடுக்கில் வெள்ளையாகப் பஞ்சு போல் படிவதுதான் மாவுப்பூச்சி. அதன் இனிப்புக் கழிவுக்காக எறும்பு அதைக் காவல் காக்கும், மரத்துக்கு மரம் சுமந்தும் போகும். எறும்பை விட்டுவிட்டுக் காயில் மட்டும் மருந்து அடித்தால் பத்து நாளில் திரும்ப வரும்.

தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் தண்டைச் சுற்றி ஒரு சாண் அகலப் பாலித்தீன் தாளை இறுக்கிக் கட்டி, அதன் மேல் கிரீஸ் தடவுங்கள். பட்டையில் நேராகத் தடவக் கூடாது. தரையைத் தொடும் கிளையை வெட்டிவிடுங்கள், அது எறும்புக்குப் பாலம். அப்புறம் குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி மாவை அடித்துத் தள்ளுங்கள். மிச்சத்துக்கு லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் கலந்து சாயங்காலம் தெளியுங்கள். வாரத்துக்கு ஒரு முறை, மூன்று வாரம்.

அணிலுக்கும் வௌவாலுக்கும் வலைப் பையைக் காய் எலுமிச்சை அளவு வந்ததும் கட்டிவிடுங்கள்.

11. பறிப்பு

சீத்தா பூத்து ஏறக்குறைய நான்கு மாதத்தில் முற்றும். கண்ணுக்கும் கண்ணுக்கும் இடையில் உள்ள பள்ளம் அகன்று வெளிர் மஞ்சளாகத் தெரிந்தால் பறிக்கலாம். மரத்தில் பழுக்கட்டும் என்று விட்டால் வெடித்து எறும்புக்குப் போகும். காம்பில் அரை அங்குலம் விட்டுக் கத்தரியால் வெட்டி, அரிசி டிரம்மிலோ வைக்கோலிலோ வைத்தால் இரண்டு மூன்று நாளில் பழுக்கும். கல்லாக இருக்கும்போது பிரிட்ஜில் வைத்தால் தோல் கறுத்துப் பழுக்காமலே போய்விடும்.

முள் சீத்தாவில் கரும்பச்சை வெளிறி, முள் விலகி, தொட்டால் வளையும் பதத்தில் பறியுங்கள்.

முள் சீத்தா இலைக் கஷாயம் புற்றுநோயைக் குணமாக்கும் என்று என் வீட்டுக்கே இலை கேட்டு வருகிறார்கள். அப்படி நிரூபணம் ஆகவில்லை. இந்த மரத்தில் உள்ள அனோனாசின் என்ற வேதிப்பொருள் நரம்புக்குக் கேடு செய்யக் கூடியது. கரீபியக் கடலின் குவாதலூப் தீவில் இந்தப் பழத்தையும் இலைச் சாற்றையும் நெடுநாள் எடுத்துக்கொண்டவர்களிடம் நடுக்குவாதம் போன்ற நோய் இருந்ததை 1999-ல் மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். நான் இலை கொடுப்பதில்லை. எப்போதாவது பழம் சாப்பிடுவதோடு நிறுத்திக்கொள்கிறோம்.

சீத்தா விதையைப் பேனுக்கு என்று அரைக்கும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. அந்தத் தூள் கண்ணில் பட்டால் கருவிழி புண்ணாகும். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அரைக்கவே வேண்டாம். விதைக்கு வேண்டியதைக் கழுவி நிழலில் உலர்த்தி, பழத்தின் மரத்தையும் மாதத்தையும் ஒரு சீட்டில் எழுதி, காகிதப் பொட்டலத்தில் கட்டி வையுங்கள். பங்குனியில் பையில் போடலாம்.